பழவேற்காடு: ஏரியை முதன்முறை படகில் கடப்பவர்களுக்கும் ஊரைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கும்

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதல்ல. அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம்தான் பழவேற்காட்டில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஏரி என்றதும், இடுப்பளவுத் தண்ணீர்தானே, கடலையே பார்த்த நமக்கு இது என்ன என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. என் தாய்மாமன் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன்பிடித் தொழில் செய்தவர். நான் சிறு வயதில் அப்படி ஏதோ சொன்னபோது அவர் திருத்தினார்: "ஆழமில்லன்னு நெனைக்காதடா. ஆழமில்லாததாலதான் ஆடுது." படகுப் பயணத்துக்கு மட்டுமல்ல, ஒரு துறைமுகப் பட்டினம் அந்த இடத்தில் உருவாகிப் பின்பு ஒடுங்கியதற்கும் அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விளக்கம் இருக்கிறது. முதன்முறை போகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எதற்காகப் படகில் ஏறப்போகிறீர்கள்?

மற்ற எதையும் யோசிப்பதற்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் நாளில், பழவேற்காட்டுக்கு வந்த ஒரு குழுவினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வதற்கு நிர்வாகம் தடை விதித்தது. எனவே கரையில் நிற்கும்போது யாராவது வந்து "ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். விலை குறைவாக இருக்கிறதே, மற்றவர்கள் ஏறுகிறார்களே என்பதெல்லாம் காரணமாகாது. வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர்களுக்கு ஏரியின் மேல் கட்டப்பட்ட பாலம் இருக்கிறது. அதன் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீரையும் வலைக்கழிகளையும் பறவைகளையும் தாராளமாகப் பார்க்கலாம். கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பத்துக்கும் கடற்கரைக்கும் அந்தப் பாலத்தின் வழியாகவே போய்விடலாம்.

ஆனால் ஏரியில் காரியமாகப் போகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கிற இருக்கம் தீவு போன்ற ஊர்கள் நெடுங்காலமாகப் படகை நம்பியே இருந்திருக்கின்றன. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போகிற உறவினர்கள், மருத்துவ முகாமுக்குச் செல்லும் செவிலியர்கள், நீரையும் மீனையும் ஆய்வு செய்யும் மாணவர்கள், புதிதாகப் பணி கிடைத்த ஆசிரியர்கள் ஆகியோர் இந்தத் தண்ணீரைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் பாதி இவர்களுக்கானது. இவர்களும் போகும் நாளில் அனுமதி நிலவரம் என்ன என்பதை உள்ளூர்க் காவல் நிலையத்திலோ மீன்வளத் துறையிலோ தங்களை அழைத்த அலுவலகம் மூலம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படகு யாருடையது, ஓட்டுபவர் யார், எத்தனை பேர் ஏறுகிறோம் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம் உடையது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஒரு நீண்ட மணல் வரப்பைப் போலக் கிடக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இந்த மூன்று செய்திகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் காற்றின் கணக்கு புரிந்துவிடும்.

காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீரின் மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். வாடைக்காற்று அடிக்கிற கார்த்திகை, மார்கழி மாதங்களில் அது வடக்கிலிருந்து ஏரியின் நீளவாக்கிலேயே ஓடிவந்து, தான் திரட்டிய அலை முழுவதையும் பழவேற்காடு இருக்கும் தென்கோடியில் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆழமான கடலில் அதே காற்றுக்கு எழும் அலை நீண்டு, படகைத் தூக்கி மெல்ல இறக்கும். தரை அருகிலேயே இருக்கும் ஏரியில் அலை நீள இடமில்லாமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுகிறது. ஒன்றிலிருந்து படகு எழுவதற்குள் அடுத்தது வந்து பக்கவாட்டில் அறைகிறது. மாமா சொன்னதன் பொருள் இதுதான். கடல் பழகியவர்கள் வாந்தி எடுக்காமல் தாங்கிக்கொள்ளும் அசைவு வேறு, இந்த உதறல் வேறு.

கோடையில் கணக்கு மாறுகிறது. காலையில் தரைப்பக்கத்திலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பும். அது திரும்புகிற நேரத்தில் ஏரியில் இருப்பது நல்லதல்ல. ஆடி, ஆவணி மாதங்களில் மாலை இடிமழைக்கு முன்னால் எழும் சூறைக்காற்று ஐந்து நிமிடத்தில் நிலைமையைத் தலைகீழாக்கிவிடும். மேற்கே கருத்துவருவதைப் பார்த்த பிறகு புறப்படுகிற படகோட்டியை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் புறப்படச் சொன்னால் அவரோடு போகவும் கூடாது.

ஆகவே எந்த மாதமானாலும் விடிந்ததும் புறப்பட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்கு முன் திரும்பிவிடுவது என்று திட்டமிடுங்கள். தை, மாசி மாதங்கள் புதியவர்களுக்கு ஏற்றவை: மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் இருக்கும், காலைக் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இருக்கும். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைக் கேளுங்கள். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண் கூண்டாகவே இருந்தாலும், பயணத்தைத் தள்ளிவையுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் வலுவாக இருக்கும் என்பதால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நெருங்கும் பயணமாக இருந்தால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும், ராக்கெட்டைப் பார்க்க வரும் கூட்டத்தால் பழவேற்காட்டுச் சாலையும் திணறும். அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

புறப்படுதல்

வடசென்னையிலிருந்து போவது எளிது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும்; ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஏரியைக் கடக்கிற நாளென்றால் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால், முந்தின நாளே போய் உறவினர் வீட்டிலோ பொன்னேரியிலோ தங்கிவிடுவது, தாமதமாகப் போய் நண்பகல் காற்றில் படகேறுவதைவிடப் பத்து மடங்கு மேல்.

பை ஒன்றுதான் இருக்க வேண்டும்; அதுவும் தோளில் மாட்டக்கூடியதாக இருக்கட்டும். கைப்பேசியையும் பணத்தையும் இரண்டு பாலித்தீன் உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ரப்பர் பேண்டு கட்டிக்கொள்ளுங்கள். குடிநீர், ஒரு துண்டு, மாற்றுத்துணி, வெயிலுக்குத் தொப்பி ஆகியவை போதும். காலுக்குப் பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு நல்லது. இறங்கும் இடத்தில் சேறு முழங்கால் வரை வாங்கும். சேற்றுக்குள் சிப்பி ஓடு கத்தி போல இருக்கும். வெறுங்காலோடு இறங்கி உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சேலை கட்டியிருப்பவர்கள் கொசுவத்தை உயர்த்திச் செருகிக்கொள்ள வேண்டும்; நனைந்த சேலை காலைச் சுற்றினால் தண்ணீரில் எழுந்து நிற்கவே முடியாது. காலையில் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

படகைப் பார்ப்பது, ஏறுவது, அமர்வது

ஏரியில் ஓடுவது பெரும்பாலும் ஃபைபர் படகுகள். பின்னால் நீண்ட தண்டு உடைய இன்ஜின் பொருத்தியிருப்பார்கள். ஆழம் குறைந்த இடத்திலும் வலைக்கழிகளுக்கு நடுவிலும் படகோட்டி அந்தத் தண்டை அப்படியே தூக்கிவிடுவார். அப்போது இன்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்து படகு நின்றதுபோல் ஆகும். பழுது என்று பதற வேண்டாம்.

ஏறுவதற்கு முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அது உங்கள் உடம்புக்குச் சரியான அளவா, கொக்கிகள் பூட்டுகின்றனவா என்பது முதலாவது. குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டினால் தண்ணீரில் விழுந்தவுடன் ஜாக்கெட் மேலே போய்விடும், குழந்தை கீழே நழுவிவிடும். குழந்தைக்கு உரியது இல்லையென்றால் குழந்தை கரையிலேயே இருக்கட்டும். இரண்டாவது, படகில் துடுப்போ ஊன்றுகோலோ இருக்கிறதா என்பது. இன்ஜின் நின்றுவிட்டால் அதுதான் துணை. மூன்றாவது, தண்ணீர் இறைக்கப் பாத்திரம் இருக்கிறதா என்பது. பெரும்பாலும் எண்ணெய் கேன் ஒன்றைக் குறுக்காக அறுத்து, கைப்பிடியோடு இருக்கும் பாதியைப் படகின் அடியில் போட்டிருப்பார்கள். அதன் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தால் அதை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். படகின் அடியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இந்த மூன்றையும் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். "அண்ணே, ஜாக்கெட் எங்க இருக்கு?" என்று கேட்டால் நல்ல படகோட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒருவர் பின் ஒருவராக, படகின் நடுவில் கால் வைத்து, குனிந்தபடி ஏறுங்கள். விளிம்பில் கால் வைத்துத் தாவுவது கூடாது. எங்கே உட்கார வேண்டும் என்பதைப் படகோட்டி சொல்வார். கனமானவர்களை நடுவிலும் மற்றவர்களை இரண்டு பக்கமும் சரிசமமாகவும் உட்கார வைப்பார்; உறவினரோடு பேசிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக அந்த இடத்தை மாற்றாதீர்கள். பலகையில் உட்காருவதைவிடப் படகின் அடியில் உட்காருவது பாதுகாப்பு. துணி நனையும், நனையட்டும். முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்து படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அலை முதலில் அடிப்பதும், படகோட்டியின் பார்வையை மறைப்பதும் அந்த இடம்தான். அங்கே யாரும் உட்காரக் கூடாது.

பறவைக் கூட்டம் தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுவதுதான் அமைதியான நாளில்கூட ஆபத்தை உண்டாக்குகிறது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அரித்துத் தின்றுகொண்டிருக்கும். படகு நெருங்கினால் எழுந்து பறந்துவிடும், இரை தின்னும் நேரம் அவற்றுக்கு வீணாகிவிடும். தொலைவிலிருந்து, உட்கார்ந்தபடியே பாருங்கள். இன்னும் கிட்டப் போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். அதேபோல வரிசையாக ஊன்றிய கழிகளைக் கண்டால் அவை யாரோ ஒருவருடைய பாடு என்று அறிந்துகொள்ளுங்கள். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இங்கே பாடு என்று பெயர். தலைமுறை தலைமுறையாக நடக்கும் முறை அது. படகு சுற்றிக்கொண்டு போவது அந்த வலைகளைக் காப்பதற்காகத்தான்.

அலை எழுந்துவிட்டால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் காற்றில் மாட்டிக்கொள்ள நேரலாம். எனக்கு நேர்ந்தது ஒரு தை மாதத்தில். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுக் காலையிலேயே திரும்ப வேண்டியவர்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற அன்புக்குக் கட்டுப்பட்டு நண்பகல் தாண்டிப் படகேறினோம். கரையோரம் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கால் மணி நேரத்தில் வடக்கே தண்ணீரின் நிறம் கருத்து, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை ஓடிவருவது தெரிந்தது. மாமா இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். ஊருக்கு நேராக இருந்த அணியத்தை வடக்குப் பக்கம் திருப்பி, அலையை நேராகவும் இல்லாமல் பக்கவாட்டிலும் இல்லாமல் சாய்வாக வாங்கினார். ஊர் இடப்பக்கம் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. வழி தப்புகிறதோ என்று எங்களில் ஒருவர் எழ முயன்றபோது, "ஒக்காரு! படகு என் கையில இருக்குது, ஒடம்பு ஒன் கையில இருக்கட்டும்" என்று மாமா ஒரு அதட்டல் போட்டார். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. என் வேலை, அறுத்த கேனால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுவது. காற்றடிக்கும் பக்கம் ஊற்றினால் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும் என்பதை இரண்டாவது முறை ஊற்றும்போது கற்றுக்கொண்டேன். வழக்கமாக அரைமணி நேரம் ஆகும் தூரத்துக்கு அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

அந்த நாளிலிருந்து நான் சொல்லக்கூடியவை இவை. படகோட்டி நேர்வழியில் போகாமல் சுற்றுவது உங்களைக் காப்பாற்றத்தான். வேகமாகப் போகச் சொல்லாதீர்கள். அலை அடிக்கும்போது எதிர்ப்பக்கம் தாவாதீர்கள். முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் குறுக்குச் சட்டத்தைப் பிடித்து, படகோடு சேர்ந்து அசையுங்கள். விளிம்புக்கு வெளியே விரலை வைக்காதீர்கள். குமட்டினால் தொலைவில் அசையாத ஒன்றை, பனைமரத்தையோ கோபுரத்தையோ பார்த்துக்கொண்டிருங்கள். வாந்தி வந்தால் இருந்த இடத்திலேயே எடுங்கள், எழுந்து விளிம்புக்குப் போகாதீர்கள். இறைக்கச் சொன்னால் இறையுங்கள், காற்று போகும் பக்கமாக.

படகு கவிழ்ந்தே போனால், நீந்திக் கரை சேர்ந்துவிடலாம் என்று அதை விட்டு விலகாதீர்கள். ஃபைபர் படகு தலைகீழாகவும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் தேடி வருபவர்களின் கண்ணுக்குப் படுவீர்கள். ஏரியின் பல இடங்களில் காலூன்றி நிற்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகள் அப்படியல்ல. வற்றத்தின்போது ஏரித் தண்ணீர் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. எதிரே கடற்காற்று அடித்தால் அங்கே எழும் அலைக்கு முன் நல்ல நீச்சல்காரரும் நிற்க முடியாது. எந்தக் காரியமானாலும் முகத்துவாரத்தின் பக்கம் படகை விடச் சொல்லாதீர்கள்.

ஊருக்குள்

கரை ஏறியதும் உடனே நடக்கத் தொடங்க வேண்டாம். தரையே ஆடுவதுபோல் சிறிது நேரம் இருக்கும். பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீ குடித்து, உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். ஊர் சிறியது, நடந்தே பார்க்கலாம்.

எதைப் பார்க்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். நம் சென்னைப் பட்டினத்துக்கு ஆங்கிலேயர் வித்திட்டது 1639-இல். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பழவேற்காடு உலகம் அறிந்த துறைமுகம். விஜயநகர அரசின் கீழ் துறைமுகமாக விளங்கிய இந்த ஊருக்குப் போர்த்துக்கீசியர் வந்தார்கள்; பிறகு டச்சுக்காரர்கள் 1610-இல் மன்னரின் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே, 1613-இல், டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்கள் நடத்திய வணிகம் முழுவதும் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. கடைசியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

இங்கும் ஆழமின்மைதான் பேசுகிறது. பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. அவை வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின. சிறு படகுகளுக்கு ஏரி ஒரு அடைக்கலம். அதனால்தான் இங்கே துறைமுகம் வாய்த்தது. முகத்துவாரத்தை மணல் அடைப்பதும், திறப்பதும், மறுபடி அடைப்பதும் அன்றிலிருந்து இன்றுவரை நடக்கிறது. இன்று அது அடைபடும்போது கடலுக்குப் போகும் படகுகள் தவிக்கின்றன. கடல்நீரோடு உள்ளே வரும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் குறைந்துவிடுகின்றன.

முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே சொல்லி அழைத்துப்போகலாம். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நன்றாகத் தெரியும். உச்சிவெயிலில் கல் வெளுத்துப்போய் ஒன்றும் படிக்க முடியாது. டச்சு மொழி தெரியாவிட்டாலும் ஆண்டுகளையும் பெயர்களையும் படிக்கலாம். ஒரு கல்லின் முன் குந்தி உட்கார்ந்து எழுத்தின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தேன். முந்நூற்றைம்பது ஆண்டுக் கடற்காற்றுக்குப் பிறகும் ஓரங்கள் கூர்மையாகவே இருந்தன. கல்லறைகளின் மேல் ஏறி உட்காருவதும், பெயர் கிறுக்குவதும், பூக்களைப் பறிப்பதும் வேண்டாம்.

அங்கிருந்து கோட்டை இருந்த இடத்துக்குப் போகலாம். எதிர்பார்ப்போடு போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள்: இன்று அங்கே இருப்பது முட்புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான். இருந்தாலும் போய் நில்லுங்கள். இங்கிருந்து போன துணிகள் தென்கிழக்காசியத் தீவுகளில் மசாலாப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டன. ஐரோப்பாவில் ஒரு வகை வண்ணக் கைக்குட்டைக்கு இந்த ஊரின் பெயரே வழங்கியது. அதே வாசல் வழியாகத்தான் பஞ்ச காலங்களில் விற்கப்பட்டவர்களும் பிடிக்கப்பட்டவர்களுமான ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் எவருக்கும் இங்கே கல் இல்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மேட்டுக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

பிறகு ஆதிநாராயணப் பெருமாள் கோயில். விஜயநகர காலத்துச் செம்புரைக்கல் கட்டடம். இராமாயணக் காட்சிகளை விரலளவு உருவங்களாகச் செதுக்கிய வரிசை அங்கே இருக்கிறது. தலையை அண்ணாந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். கோயில் திறந்திருக்கும் நேரத்தைப் பக்கத்து வீடுகளில் கேளுங்கள். மகிமை மாதா திருத்தலம் போர்த்துக்கீசியர் காலத்தில் 1515-இல் தொடங்கியது என்பார்கள். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு வடசென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் ஏராளம். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்ப்பதற்கான நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. தொழுகை இல்லாத நேரத்தில், அங்கே இருக்கும் பெரியவரிடம் "பாய், நிழற்கடிகாரத்தைப் பார்த்துக்கலாமா?" என்று அனுமதி கேட்டுப் போனால் எப்படிப் படிப்பது என்று அவரே காட்டுவார். நிழல் விழும் கோடு காட்டும் நேரத்தையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது வித்தியாசம் சில நிமிடங்கள்தான். நாம் கட்டியிருப்பது நாடு முழுவதற்குமான பொதுநேரம், அது காட்டுவது அந்த ஊர் வெயிலின் நேரம்.

அந்தத் தெருக்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களில், தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து படகில் வந்தவர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். சாயமிட்ட ஓலைக் கீற்றை நகத்தால் கிழித்து, பல்லால் கவ்விக்கொண்டு, கண் வேறெங்கோ பார்க்க, விரல்கள் தாமாக ஓடும். வாங்குவதாக இருந்தால் அவர்களிடமே நேரில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நேரத்தை ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நேரம் இருந்தால் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். முகத்துவாரத்தை ஒட்டிய கரையில் இழுப்பு அதிகம்.

மீனும் திரும்பும் வழியும்

மீன் வாங்குவதற்குக் காலை நேரமே சரி. பாலத்தை ஒட்டிய கரையில் படகுகள் வந்ததும் ஏலம் தொடங்கிவிடும். ஏல வட்டத்துக்குள் நுழைந்து நிற்காமல் சற்றுத் தள்ளி நின்று, ஏலத்தில் எடுத்த அக்காக்களிடம் சில்லறையாகக் கேளுங்கள். ஏரி இறால், மடவை, கிழங்கான், கொடுவா ஆகியவை கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், காசிமேட்டில் மீன் வரத்து குறையும் அந்த நாட்களில் இங்கே கூட்டமும் விலையும் ஏறியிருக்கும்.

பழவேற்காட்டு நண்டு வாங்காமல் வந்தால் வீட்டில் கேட்பார்கள். உயிரோடு இருப்பதையே வாங்குங்கள். கொடுக்கைக் கயிற்றால் கட்டித் தருவார்கள், அந்தக் கட்டை வீட்டுக்குப் போகும் வரை அவிழ்க்காதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கையில் கனக்கிற நண்டுதான் சதையுள்ளது. ஏரித் தண்ணீரில் நனைத்த கோணிப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டாமல் சுருட்டிவிட்டு, ரயிலில் இருக்கைக்கு அடியில் நிழலான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி நண்டைப் போட்டால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். பொன்னேரியில் மாலை ரயிலுக்குக் கூட்டம் அதிகம். நான்கு மணிக்குள் பழவேற்காட்டில் பேருந்து ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும், இருட்டுவதற்குள் வீட்டு அடுப்பில் மிளகு அரைத்துக் குழம்பு வைத்துவிடலாம்.